மைதானத்தில் இருக்கிறோம், நிர்வாகத்தில்?

(கோமாரியில் நடைபெற்ற நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

பள்ளிக்கூடத்தை நினைத்தால் எங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது இல்ல விளையாட்டுப் போட்டிதான். சுண்ணாம்புக் கோடு போட்ட மணல் தரை, கடற்காற்றில் படபடக்கும் இல்லக் கொடிகள், கால் சுடச்சுட ஓடிய நூறு மீற்றர். அன்று இல்லத் தலைவிகளும் நாங்களே, புள்ளி எழுதியவர்களும் நாங்களே. வெளியே வந்த பிறகுதான் ஒன்றைக் கண்டோம். ஊர்க் கழகங்களில் பெண்கள் ஓடலாம். தீர்மானம் எடுக்கும் இடத்தில் மட்டும் அவர்களுக்குக் கதிரை இல்லை.

ஒரு கழகத்தின் பொதுக்கூட்டத்துக்கு எங்களில் சிலர் போனோம். பெயர் வேண்டாம். மாலை நேரத்தில் மைதானம் முழுவதும் கிரிக்கெட்டுக்கே என்று முன்பே முடிவாகியிருந்தது. வலைப்பந்துப் பிள்ளைகள் எப்போது பயிற்சி எடுப்பது, எங்கே உடை மாற்றுவது என்று கேட்டோம். "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்றார்கள். குழுக்களின் பட்டியலில் பெண்களின் பெயர்கள் சிற்றுண்டிக் குழுவில் மட்டும் இருந்தன. அடுத்த கூட்டத்தை இரவு எட்டரைக்கு வைத்தார்கள். நாங்கள் போக முடியவில்லை. "பெண்கள் முன்வருவதில்லையே" என்று பிறகு சொன்னார்கள்.

இது நம் கரையோரத்துக் கதை மட்டுமல்ல. சர்வதேச ஒலிம்பிக் குழு 1894 இல் உருவானது. பெண்கள் இருவர் அதில் முதன்முதலாக உறுப்பினரானது 1981 இல். ஒரு பெண் அதன் தலைவியானது 2025 இல்தான். அவர் சிம்பாப்வேயின் நீச்சல் வீராங்கனை கேர்ஸ்டி கொவென்ட்ரி. அயல்நாடான இந்தியாவின் ஒலிம்பிக் சங்கத்துக்கு முதற் பெண் தலைவியாக பி.ரி. உஷா வந்தது 2022 டிசம்பரில்.

நம் நாட்டு வீராங்கனைகள் எதில் குறைந்தவர்கள்? 2000 இல் சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகா ஜயசிங்க பதக்கம் வென்றார். தர்ஜினி சிவலிங்கம் ஆடிய வலைப்பந்து அணி 2018 இலும் 2022 இலும் ஆசியச் சம்பியனானது. 2024 இல் சமரி அத்தபத்துவின் அணி தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது. ஆனால் பெண்களின் விளையாட்டு என்று பெயரெடுத்த வலைப்பந்தை விட்டால், சம்மேளனங்களின் தலைமைப் பதவியில் பெண்ணைக் காண்பது அரிது.

காரணம் கொழும்பில் மட்டும் இல்லை. கழகம் மாவட்டச் சங்கத்துக்குப் பிரதிநிதியை அனுப்பும். மாவட்டச் சங்கம் தேசிய சங்கத்தின் தேர்தலில் வாக்களிக்கும். பல விளையாட்டுகளில் இதுதான் வழக்கம். ஊர்க் கழகத்தில் பெண் இல்லாவிட்டால் மேலே எப்படி வருவாள்?

"திறமை இருந்தால் தானாக வரலாம், ஒதுக்கீடு எதற்கு?" என்று கேட்பார்கள். நம் உள்ளூராட்சி மன்றங்களைப் பாருங்கள். முன்பு அவற்றில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நூற்றுக்கு 25 என்று சட்டம் வந்தபின், 2018 தேர்தலில் அது இருபதைத் தாண்டியது. திறமையுள்ள பெண்கள் முன்பும் இருந்தார்கள். கதவுதான் பிறகு திறந்தது.

நிர்வாகம் நமக்குத் தெரியாத வேலையா? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் கணக்கு எழுதுவது யார்? இந்தப் பழைய மாணவிகள் சங்கத்தின் கூட்டக் குறிப்பையும் கணக்கையும் தேர்தலையும் நூறு வருடமாகப் பெண்களே நடத்தி வருகிறோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, உங்கள் ஊர்க் கழகத்தில் சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். உறுப்பினர் அல்லாதவருக்கு வாக்கில்லை. இரண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும், கூட்டம் பகலில் நடக்க வேண்டும் என்று யாப்பில் எழுதச் சொல்லுங்கள். மூன்று, நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை நடுவர் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம்.

வெளிநாட்டிலுள்ள சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மைதானத்துக்கும் கிண்ணத்துக்கும் உங்களிடம்தான் பணம் கேட்டு வருகிறார்கள். கொடுங்கள். கொடுக்க முன், "நிர்வாகத்தில் பெண்கள் எத்தனை பேர்?" என்று மட்டும் கேளுங்கள்.

எங்களில் நால்வர் ஏற்கெனவே உறுப்புரிமைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். ஐந்தாவதாக யார் வருகிறீர்கள்?