ஏரியில் எத்தனை மீன்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் உள்ள சிற்றூர்கள் பலவற்றில் ஏரி என்றதும் மக்கள் நினைவுக்கு வருவது பாஸ் மீனேயாகும். பெருவாய் பாஸ் எனப்படும் இது பச்சை நிற உடலின் பக்கத்தே கருங்கோடு ஓட, வாய்ப்பிளவு கண்ணுக்கும் அப்பால் நீளும் வேட்டை மீன். ஓய்வு நாள்களிலே தூண்டிலும் கையுமாகச் சென்று இதனைப் பிடிப்பது அந்நாட்டார் பெரிதும் விரும்பும் பொழுதுபோக்கு. மாநில அரசின் மீன்வளத் திணைக்களத்தார் காலந்தோறும் இவ்வேரிகளின் மீன்களைக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிடுவர். அறிக்கை வந்ததும் ஏரிக்கரையிலே வாதம் எழும். "மீனே அகப்படுவதில்லை, இவர்கள் நிறைய உண்டு என்கிறார்களே!" என்பார் ஒருவர். "நிறைய இருந்தால் எல்லாம் ஏன் சாண் நீளமாகவே இருக்கின்றன?" என்பார் மற்றொருவர். வாதம் வீண்வாதமன்று. எந்த நீளமுள்ள மீனை வீட்டுக்குக் கொண்டு போகலாம், எதனை நீரில் விட்டுவிட வேண்டும் என்னும் சட்டம் அந்த எண்களின்மேல்தான் எழுகிறது. எண்ணைப் பிழையாகப் படித்தால் ஏரி பல ஆண்டுகளுக்குக் கெட்டுவிடும்.

மீனை எண்ணுவது எளிதன்று. ஐயமற எண்ண வேண்டுமாயின் நீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். அலபாமா மாநிலத்திலே ஹோமர் சுவிங்கிள் என்னும் ஆராய்ச்சியாளர் பண்ணைக் குளங்கள் பலவற்றை அவ்வாறே வடித்து, மீன்களை எண்ணி நிறுத்துப் பார்த்தார். அதனின்று அவர் கண்ட உண்மை எண்ணிக்கையினும் பெரியது. பாஸ் மீனும் அதற்கு இரையாகும் புளூகில் என்னும் சிறுமீனும் தம்முள் ஒருவகைச் சமநிலையில் நிற்றல் வேண்டும்; அது குலைந்தால் குளம் நிறைய மீன் இருந்தும் சட்டிக்கு ஆகும் மீன் இராது என்று 1950ஆம் ஆண்டில் அவர் எழுதினார். இலினோய் மாநிலத்தில் 1941இல் அமைக்கப்பட்ட றிட்ஜ் ஏரியையும் ஜோர்ஜ் பெனற் என்பார் இடையிடையே வடித்துக் கணக்கெடுத்தார். ஆனால், ஆயிரக்கணக்கான ஏக்கர் பரந்த ஏரியை யார் வடிப்பார்? ஊருக்குக் குடிநீர் தருவதும் அதுவாகவே இருக்கலாம்.

வடிக்காமல் எண்ணும் வழி ஒன்று டென்மார்க் நாட்டு உயிரியலறிஞர் பீற்றர்சன் பெயரால் வழங்குகிறது. அவர் 1890களில் கடற்கழியில் வாழும் தட்டைமீன்களுக்கு அடையாளமிட்டு ஆராய்ந்தவர். முறை எளிது. 200 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விடுகிறோம் எனக் கொள்வோம். சில நாள் கழித்து 150 மீன்களைப் பிடிக்க, அவற்றுள் 30 மீன்களில் அடையாளம் காணப்படுகிறது. பிடித்தவற்றில் ஐந்தில் ஒரு பங்கு அடையாளமுடையது; ஆகவே ஏரியிலும் ஐந்தில் ஒரு பங்கே நாம் அடையாளமிட்ட 200 ஆகும்; மொத்தம் 1,000. ஒரே தடவையோடு நில்லாமல் பலமுறை பிடித்து அடையாளமிட்டுக் கணிக்கும் வழியை சோயி சினாபெல் என்னும் பெண் கணித அறிஞர் 1938இல் வகுத்துக் கொடுத்தார்.

கணக்குச் சரி, ஆனால் மீன்கள் கணக்கறியா. அடையாளத் தகடுகளிற் பாதி கழன்று விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை 30க்குப் பதில் 15 மீன்களே அடையாளத்தோடு அகப்படும். விடை 2,000 ஆகிவிடும்! ஏரியில் ஒரு மீனும் கூடவில்லை. காகிதத்தில் மாத்திரம் இரு மடங்காயிற்று. அடையாளமிட்ட மீன்கள் காயத்தால் இறப்பினும் இதே பிழை நேரும். ஆதலால் நல்ல அறிக்கையிலே வெறும் 1,000 என்று இராது. இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் இடையில் என்று எல்லை காட்டியிருக்கும். அவ்வெல்லையைப் படியாதவன் அறிக்கையைப் படித்தவன் ஆகான்.

பெரும்பாலான ஏரிகளில் இந்த அளவு உழைப்புக்கும் இடமில்லை. வசந்த காலத்து இரவுகளிலே, பாஸ் மீன்கள் முட்டையிடக் கரையோரம் வரும்போது, மின்பொறி பூட்டிய படகு கரையோரமாகச் செல்லும். நீரிற் பாயும் மின்சாரத்தால் மீன்கள் சற்றே மயங்கும். அவற்றை வலையால் அள்ளி, அளந்து, நிறுத்து, மீண்டும் நீரில் விடுவர். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மீன் அகப்பட்டது என்பதே அறிக்கையில் முதலில் நிற்கும் எண். அது ஏரியிலுள்ள மீன்தொகை அன்று. மின்சாரம் ஆழத்துக்கு எட்டாது. சிறு மீன்களைவிடப் பெரிய மீன்களையே எளிதில் பற்றும். ஆகவே இவ்வாண்டு வசந்தத்தைச் சென்ற ஆண்டு வசந்தத்தோடுதான் ஒப்பிடலாம், கோடையோடு ஒப்பிடலாகாது. மழை கொட்டும் நாளில் எடுத்த வகுப்பு வரவைக் கொண்டு பள்ளியின் மாணவர் தொகையை எவரேனும் முடிவு செய்வரோ?

இனி, நேயர்கள் இரண்டு ஏரிகளை மனத்திற் கொள்க. முதலாவதில் ஒரு மணித்தியாலத்தில் 8 அங்குலமும் அதற்கு மேலுமான பாஸ் மீன்கள் 120 அகப்பட்டன. இரண்டாவதில் 40 மாத்திரமே. எது நல்ல ஏரி? அவசரக்காரர் முதலாவதைக் காட்டுவர். நீளங்களைப் பார்ப்போம். முதல் ஏரியின் 120இல் 12 அங்குலத்தை எட்டியவை 12. அதாவது நூற்றுக்குப் பத்து. இரண்டாம் ஏரியின் 40இல் எட்டியவை 22, நூற்றுக்கு ஐம்பத்தைந்து. மிசூரி மாநிலத்தில் ரிச்சட் அண்டர்சன் 1970களில் வழக்கிற் கொண்டுவந்த அளவு விகிதம் இதுவே. பாஸ் மீனுக்கு இவ்விகிதம் 40க்கும் 70க்கும் இடையில் நிற்பது சமநிலையைக் காட்டும் என்பர். முதல் ஏரியில் மீன் மலிவு. ஆனால் அது பசித்த கூட்டம். 90க்கு மேல் போனாலும் மகிழ்ச்சிக்கு இடமில்லை. அங்கே கிழட்டு மீன்கள் இருக்க, குஞ்சுகள் பிழைத்து வளரவில்லை என்றே ஐயுற வேண்டும். அளந்தவை பத்து மீன்களே ஆயின் எவ்விகிதத்தையும் நம்புதல் தகாது. ஒரு மீன் கூடினாலும் குறைந்தாலும் பத்து வீதம் மாறிவிடும்.

பசித்த கூட்டமா என்பதை உறுதிப்படுத்த வேறு இரு சான்றுகள் உண்டு. ஒன்று நிறை. ஒரு நீளத்துக்கு இருக்க வேண்டிய நிறையை 100 எனக் கொண்டு, பிடித்த மீனின் நிறையை அதனோடு ஒப்பிடுவர். 80க்குக் கீழே இறங்கினால் தலை பெருத்து வயிறு ஒட்டிய மீனை நேரிற் கண்டது போலவே ஆகும். மற்றது வயது. மீனின் தலையுள்ளே செவிக்கல் என்னும் சிறு சுண்ணக் கல் உண்டு. மரத்தை வெட்டினால் ஆண்டு வளையம் தெரிவது போல அதிலும் தெரியும். இதற்கு மீனைக் கொல்ல வேண்டுமாதலின் சிலவற்றையே எடுப்பர். இரை நிறைந்த ஏரியில் மூன்றாம் நான்காம் ஆண்டிலே 12 அங்குலத்தை எட்டும் மீன், நெருக்கடியுள்ள ஏரியில் ஐந்தாறு ஆண்டு கழிந்தும் எட்டாமல் நிற்கும். வேடிக்கை என்னவெனில், அத்தகைய ஏரியிலே புளூகில் மீன்கள் பருத்திருக்கும். பசித்த பாஸ் அவற்றின் குஞ்சுகளைத் தின்றுவிட, எஞ்சிய சிலவற்றுக்கு உணவு மிகுகிறதன்றோ! பாஸ் பிடிப்பவர் தூற்றும் ஏரியைப் புளூகில் பிடிப்பவர் போற்றுவதும் இதனாலேயே.

"மீனே அகப்படுவதில்லை" என்றவரும் பொய் சொல்லவில்லை. ஒருமுறை தூண்டிலில் மாட்டி விடுபட்ட பாஸ் மீன் மறுமுறை எளிதில் மாட்டுவதில்லை என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. மீன் இருத்தல் வேறு. தூண்டிலில் அகப்படுதல் வேறு.

மீன் சிறுத்துவிட்டது என்றவுடன் பலரும் கேட்பது, சிறிய மீனைப் பிடிக்கத் தடை விதிக்க வேண்டும் என்பதே. மிகையாகப் பிடிபட்டு மீன் அருகிய ஏரிக்கு அது மருந்து. நெருக்கடியால் சிறுத்த ஏரிக்கோ நஞ்சு. 12 அங்குலத்துக்குக் குறைந்தவை யாவும் காக்கப்பட, அவை மேன்மேலும் பெருகி ஒன்றன் இரையை மற்றொன்று பறிக்கும். ஆகவே திணைக்களத்தார் சில ஏரிகளில் சட்டத்தை மாற்றி அமைத்தனர். 12 அங்குலத்துக்கும் 15 அங்குலத்துக்கும் இடைப்பட்டவற்றை விட்டுவிடுக; அதனிற் சிறியவற்றைத் தாராளமாகக் கொண்டு செல்க என்றனர். கூட்டம் குறைந்தால் எஞ்சியவை வளரும் என்பது எண்ணம். சட்டம் நன்றே. ஆனால் பிடித்த மீனை விட்டுவிடுவதே பெருந்தன்மை என்று பல ஆண்டுகளாகப் பழகிய தூண்டிற்காரர் பலர், பத்து அங்குல மீனையும் கொண்டு செல்ல மனமின்றி நீரிலேயே விட்டனர். அத்தகைய ஏரிகளில் மறு வசந்தத்து இரவிலும் மின்படகு அள்ளியவை, முன்போலவே மிகப் பலவும் மிக மெலிந்தனவுமான சிறு மீன்களே.