பாலிகார்: சிவகிரியிலிருந்து சென்ற சொல்



இன்று ஆங்கிலேயரே பெரிதும் மறந்துவிட்ட ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச விழைகிறேன். 'பாலிகார்' என்பது அச்சொல். சிவகிரியினராகிய நமக்கு அது அயற்சொல் அன்று. நம் ஊரை ஆண்ட பாளையக்காரர் போன்றோரைக் குறிக்க எழுந்ததே அது.

பாளையம் என்பது படை தங்கும் இடம். விவிலியத் தமிழில் 'பாளயமிறங்குதல்' என்னும் ஆட்சியை நீங்கள் அறிவீர்கள். மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாதரும் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தனர் என்பது மரபு. கப்பம் கட்டுதல், படை அனுப்புதல், ஊர்க்காவல் ஆகியவை பாளையக்காரர் கடமைகள்.

யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இச்சொல்லைத் தமிழ் மூலத்தோடு இணைக்கிறது. ஆயினும் ஆங்கில வடிவம் தெலுங்கு அல்லது மராத்தி வழியாகவே வந்தது என்பது அதன் கருத்து. அது பொருத்தமாகவே தோன்றுகிறது. நம் 'க்கா' என்னும் வல்லொலி ஆங்கிலத்தில் மெலிந்திருப்பதைக் காண்க.

ஒலி மெலிந்தது, பொருளோ கெட்டது. காட்டுப் பகுதிகளில் வாழ்ந்து கொள்ளையில் நாட்டம் கொண்ட குறுந்தலைவர் என்னும் சாயலையே அவ்வகராதி தருகிறது. காவல் காத்தவர் கொள்ளையரானது எவ்வாறு? தேசகாவலுக்கென ஊர்களிடம் பெற்ற வரியைக் கும்பினியார் பறிப்பு என்றே கருதினர். அவ்வாறு பறித்தவர்களும் இருந்தனர், மறுப்பதற்கில்லை. ஆனால் 1783இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கர்னல் புல்லர்டன், அடுத்துச் சிவகிரி மீதும் படையெடுத்தார். எதிர்த்து நின்றவருக்குப் பகைவர் சூட்டும் பெயரில் நடுநிலையை எதிர்பார்க்க இயலுமா?

1799, 1801ஆம் ஆண்டுப் போர்களுக்குப்பின் எஞ்சிய பாளையக்காரர் ஜமீன்தார் ஆயினர். பாரசீகச் சொல் வந்தமர, பாலிகார் பழைய ஆவணங்களுக்குள் ஒடுங்கிற்று. வேட்டை நூல்களில் மட்டும் ஒரு நாயினத்தின் பெயராகச் சிறிது காலம் ஓடித் திரிந்தது! 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீனும் போயிற்று.

இதை இங்கே எடுத்துரைக்கக் காரணம் உண்டு. கும்பினி ஆவணங்களைத் தமிழாக்கும்போது 'பாலிகார்' வருமிடமெல்லாம் 'பாளையக்காரர்' என்று எழுதிவிடுகிறோம். மூலத்தின் வசை மறைந்து, இல்லாத மரியாதை ஏறிவிடுகிறது. நம்மிடையே வரலாற்றுக் காவியம் புனைய முனைவோர், வெள்ளைத் தளபதியின் வாயில் 'பாலிகார்' என்ற சொல்லையே வைக்க வேண்டுகிறேன். கோட்டை வாசலில் நிற்கும் குடியானவன் வாயில் 'பாளையக்காரர்' ஒலிக்கட்டும்.