காகிதத்தில் ஒரு தலைக்கவசம்



கல்லூரி விழாவில் வேஷம் கட்ட ஹெல்மெட் வேணுமா? காகிதத்திலேயே செய்யலாம். ஜப்பானியர் இக்கலையை 'பெப்பகுரா' என்பார்கள். தட்டைக் காகிதம் ஒரு திசையில்தான் வளையும். மண்டையோ எல்லாப் பக்கமும் வளைந்தது. ஆகவே உருவத்தைச் சிறுசிறு தட்டை முகங்களாகப் பிரித்து, கெட்டி அட்டையில் அச்சிட்டு, வெட்டி, மடித்து ஒட்டணும். மடிப்புக் கோட்டை நான் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கீறிக்கொள்வேன். மடிப்பு நேராக விழும்.

அடுத்து கெட்டிப்படுத்தல். கழுத்துத் திறப்பின் குறுக்கே அட்டைப் பட்டை ஒட்டுங்க. இல்லேன்னா ரெசின் ஈரத்தில் கோணிப் போகும். வெளியே பாலியெஸ்டர் ரெசினை மெல்லிசாகப் பூசி, இறுகிய பின் உள்ளே கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து ஒட்டணும்.

இங்கேதான் உயிர் விஷயம். கோபால்ட் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் எம்.இ.கே.பி. ஹார்டனர். அவை இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும்! ஸ்டைரீன் ஆவியும் கிளம்பும். ஹாஸ்டல் ரூம் வேண்டாம். திறந்த வெளி, கையுறை, ஆவி வடிகட்டும் முகமூடி கட்டாயம்.

எவ்வளவு இறுகினாலும் இது மேடைக்குத்தான். அடியைத் தாங்கும் நுரை இதில் இல்லை. பைக்குக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட்தான், தம்பிகளா.