ஜூன் மாத ஊக்கம் மார்ச் வரை நிலைக்க

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாக்களுக்கான பேச்சு இது. ஜூன் மாதத்தில் உங்கள் வீட்டிலும் புது நோட்டு, புது பென்சில், சுவரில் ஒட்டிய கால அட்டவணை என்று எல்லாம் தயாராக இருக்கும். ஆவணி பிறக்கும்போது அந்த அட்டவணையில் பாதி நடக்காது. காலாண்டுத் தேர்வு சமயத்தில், பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை பாடம் முடித்திருக்கும் என்ற கணக்கு மனதுக்குள் ஓடத் தொடங்கும். தீபாவளி தாண்டினால், நமக்கு இது சரிப்பட்டு வராதோ என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சோர்வைத் தங்கள் மன உறுதியின் குறையாக நினைத்துப் பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு பள்ளிக்கூடமே செய்கிற வேலையை ஒரே ஆள், பெரும்பாலும் அம்மா, சமையலுக்கும் சம்பாத்தியத்துக்கும் நடுவே அப்படியே செய்து பார்க்கிறார். ஊக்கம் அங்கேதான் வற்றுகிறது. வேலையின் அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் அது திரும்பி வரும்.

அளவு என்று ஏன் சொல்கிறேன்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், சிறு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான் வருகிறது. அதுவும் 30 பிள்ளைகள் இருக்கும் அறைக்கு. வருகைப் பதிவு, நோட்டுத் திருத்தம், ஒருவருக்குப் புரியாததை மற்றவர்கள் காத்திருந்து கேட்பது எல்லாம் அந்த நேரத்துக்குள்ளே அடக்கம். உங்கள் முன்னால் இருப்பது ஒரே பிள்ளை, அல்லது இரண்டு. ஒரே பிள்ளைக்குத் தனியாகக் கற்பிப்பதன் பலனைப் பற்றி அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரைவிட நன்றாகச் செய்தார் என்றது அது. பின்னால் வந்த ஆய்வுகள் பலன் அவ்வளவு பெரிதில்லை என்று காட்டின, ஆனால் பலன் இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே தொடக்க வகுப்பு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்க இரண்டு மணி நேரம் போதும் என்பது என் கருத்து. பிள்ளை பின்தங்கிவிடாதா என்று கேட்பீர்கள். கவனம் சிதறாத இரண்டு மணி நேரத்தைத்தான் சொல்கிறேன். மீதி நேரத்தில் கதைப் புத்தகம் படிப்பதும், மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும், இட்லி மாவுக்கு அரிசி உளுந்து அளப்பதும் படிப்புதான். 9, 10-ஆம் வகுப்பு வயதில் இந்தக் கணக்கு மாறும், அப்போது கூடுதல் நேரம் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, தொடர்ச்சி. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினரின் ஆய்வு ஒன்று 2010-இல் அச்சானது. 96 பேர் ஆளுக்கொரு சிறிய செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரு குறிப்பிட்ட தருணத்தில் செய்து வந்தார்கள். அது பழக்கமாகப் படிய நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 250 நாளுக்கும் மேல் தேவை என்று கணக்கிட்டார்கள். அது பெரியவர்களின் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய ஆய்வு, பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது அல்ல. ஆனால் இங்கே முதலில் பழக்கம் வர வேண்டியது உங்களுக்குத்தான், பெரியவரான உங்களுக்கு. ஜூன் முதல் வாரம் தொடங்கினால் ஆடி முடியும் வரைக்கும் அது பாரமாகத் தெரிவது இயல்பு. ஜூலையிலேயே கைவிடுகிறவர்கள், பழக்கம் படிவதற்கு முன்பே கைவிடுகிறார்கள். அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குலைந்துவிடவில்லை. காய்ச்சல், கல்யாணம், ஊருக்குப் போவது என்று விடுபட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டைப் பாடம் வைக்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து அன்றைய அளவை மட்டும் செய்யுங்கள். ஒன்பது மணி என்று கடிகாரத்தைப் பிடிப்பதைவிட, காலை டிபன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் படிப்பு என்று வைத்துக்கொள்வது எளிது. கடிகாரம் தவறும் நாளிலும் டிபன் தவறாது.

பிள்ளையின் ஆர்வத்துக்கு வருவோம். முடித்தால் சாக்லேட், முடித்தால் செல்போன் என்று பேரம் பேசும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் படம் வரைவதில் ஆசை உள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு பரிசில்லாத நாட்களில், மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்த ஆர்வம் குறையவில்லை. சரி, ஒன்றுமே தராமல் வாய்ப்பாட்டை எந்தப் பிள்ளை படிக்கும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அந்தச் சோதனை ஏற்கெனவே பிடித்துப்போன வேலையைப் பற்றியது. பிடிக்காத வேலையில் கெடுவதற்கு ஆர்வம் இல்லையே, அங்கே ஒரு சின்னப் பாராட்டோ சலுகையோ தவறில்லை. பிள்ளை தானாக விரும்பிச் செய்வதற்கு மட்டும் விலை வைக்காதீர்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் உள்ளிருந்து வரும் ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தன் விருப்பத்துக்கு இடம், தன்னால் முடிகிறது என்ற உணர்வு, நெருக்கமான உறவு. இன்று எந்தப் பாடம் முதலில் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பழைய நோட்டுகளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். ஜூனில் எழுதிய பக்கத்தையும் டிசம்பரில் எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், தன்னால் முடிகிறது என்பதற்குப் பிள்ளைக்கு வேறு சாட்சி வேண்டாம். உங்களுக்கும்தான்.

உங்கள் ஓய்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாரத்தில் ஓர் அரை நாளாவது பிள்ளையின் படிப்பு வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். அப்பா, தாத்தா, சித்தி, யாராவது. அப்படி யாரும் இல்லாத வீடுகள் உண்டு என்று தெரியும். அவர்களுக்கு நூலகம் உதவும். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பிள்ளை புத்தகம் புரட்டும் நேரத்தில் பக்கத்தில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சும்மா இருப்பதும் தேவையான வேலைதான்.

கடைசியாக, பிப்ரவரி மார்ச்சில் வரும் பயம். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் முழு ஆண்டுத் தேர்வுக்குப் படிக்கும்போது, நம் பிள்ளையின் எதிர்காலம் என்னாகும் என்று வயிறு கலங்கும். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி இதற்காகவே இருக்கிறது. 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்குச் சமமான நிலைகள் அதில் உண்டு. 14 வயது நிறைந்தால் 10-ஆம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும், பதிவு 5 ஆண்டு செல்லும், எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. தெருவின் தேர்வுக் காலண்டர் உங்கள் வீட்டைக் கட்டுப்படுத்தாது. இவ்வளவும் செய்து பார்த்தும் முடியவில்லை, பள்ளிக்கே அனுப்பலாம் என்று தோன்றினால் அதில் தோல்வி எதுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, 6 வயதுக்கு மேல் பள்ளியில் சேராமல் இருந்த பிள்ளையை 14 வயதுக்குள் அந்த வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்கச் சொல்கிறது. விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் பிள்ளைக்கு இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, சேர்க்கை முடிந்துவிட்டது என்றோ திருப்பி அனுப்பக் கூடாது என்கின்றன 14, 15-ஆம் பிரிவுகள். இந்தச் சட்டம் தமிழிலும் கிடைக்கிறது. வருடத்தின் தொடக்கத்திலேயே ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.