பில்டர் வந்திருக்கிறார்



மும்பையில் செம்பூர் என்று ஒரு பகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக அங்கே வாழ்கின்றன. அங்கே ஒரு பழைய கட்டடத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் இருபது வீடுகள். மழை வந்தால் கூரை ஒழுகும். படிக்கட்டில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. இத்தனை வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது பக்கத்துச் சாலையில் மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழுந்துவிட்டன. ஒரே மாதத்தில் மூன்று பில்டர்களின் ஆட்கள் வந்துவிட்டார்கள். இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள்.

இரண்டாவது மாடியில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். தரகர் அவரிடம்தான் முதலில் போனார்.

"ஆயி, உங்களுக்குப் புது வீடு. லிப்ட் உண்டு. இன்றே ஐம்பதாயிரம் முன்பணம். இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், போதும்" என்றார். மராத்தியில் ஆயி என்றால் அம்மா.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எட்டுப் பக்கம். அந்த அம்மா பேனாவை வாங்கவில்லை. "வச்சிட்டுப் போப்பா, என் தம்பி மகன் வந்து பார்க்கட்டும்" என்றார். தரகருக்கு முகம் சுருங்கியது. தாளை வைத்துவிட்டுப் போக மனமில்லை. கொண்டுவந்த பத்திரத்தை வீட்டில் விட்டுப் போகப் பயப்படுகிறவரை என்னவென்று சொல்வது? கடைசியில் ஒரு நகலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பில்டர்கள் ஏன் இப்போது வந்தார்கள்? கூரை இன்றா ஒழுகுகிறது?

மும்பையில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பேசும் ஒரு சொல் உண்டு. எஃப்.எஸ்.ஐ. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கான அளவு அது. மனை 10,000 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. ஒன்று. அப்படியானால் எல்லா மாடியும் சேர்த்து 10,000 சதுர அடி கட்டலாம். இரண்டரை என்றால் 25,000 சதுர அடி கட்டலாம். மனை வளரவில்லை. அரசாங்கத்தின் தாளில் ஒரு எண் மாறியது. நிலத்தின் விலையும் கூடவே ஏறிவிட்டது.

இந்த எண்ணும், எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் பூங்கா என்பதும் நகரத்தின் வளர்ச்சித் திட்டத்தில் இருக்கும். மும்பை மாநகராட்சி 2015ஆம் ஆண்டு ஒரு வரைவுத் திட்டத்தை வெளியிட்டது. ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் எஃப்.எஸ்.ஐ. எட்டு வரை போகலாம் என்றது அந்த வரைவு. கேட்டதும் பலருக்குத் தலை சுற்றியது. அதில் பிழைகளும் நிறைய இருந்தன. மக்கள் வரைபடத்தை விரித்துத் தங்கள் தெருவைத் தேடினார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் மாநில அரசு அந்த வரைவை நிறுத்திவிட்டது. 2016இல் திருத்திய வரைவு வந்தது. 2018இல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. புறநகரில் அகலமான சாலை ஓரம் இரண்டரை வரை என்று முடிவாயிற்று. அதற்கும் மாநகராட்சிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

திட்டம் அதோடு நின்றுவிடவில்லை. விதிகளில் திருத்தம் வந்துகொண்டே இருக்கிறது. திருத்தம் வருமுன் அறிவிப்புப் போட வேண்டும், மக்கள் கருத்துச் சொல்ல ஒரு மாதம் விட வேண்டும் என்று மகாராஷ்டிரத்தின் 1966ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் சொல்கிறது. அறிவிப்பு அரசிதழிலும் செய்தித்தாளிலும் வரும். பில்டரின் அலுவலகத்தில் அதைப் படிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. இருபது வீட்டிலும் அப்படி யார் இருக்கிறார்கள்?

இப்போது அந்த எட்டுப் பக்கத்துக்கு வரலாம். தம்பி மகன் வந்தார். வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். ஐந்தாம் பக்கத்தில் நின்றுவிட்டார். "இன்று உள்ளதும், பிற்காலத்தில் கிடைக்கக்கூடியதுமான எஃப்.எஸ்.ஐ. முழுவதும் பில்டரையே சேரும்." இவ்வளவுதான் வரி.

அந்த ஒரு வரிக்காகத்தான் இனிப்புப் பெட்டி!

கணக்கைப் பாருங்கள். இருபது வீடு, ஒவ்வொன்றும் 500 சதுர அடி. மொத்தம் 10,000. புதிதாக 25,000 கட்டலாம் என்றால் மீதி 15,000. அது முழுவதும் லாபமல்ல. கட்டுமானச் செலவு உண்டு. மாநகராட்சிக்குக் கட்டும் பணம் உண்டு. கட்டி முடியும்வரை இருபது குடும்பத்துக்கும் வாடகை தர வேண்டும். பில்டரும் தொழில் செய்யத்தான் வருகிறார். தர்மத்துக்கு வரவில்லை, அதில் தவறும் இல்லை. ஆனால் மீதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதை எழுதி வாங்கிவிட்டால், பிறகு பேச என்ன இருக்கிறது? விதி மாறிய பிறகு ஆளுக்கு நூறு சதுர அடி கூடுதலாகக் கேட்கவும் முடியாது.

ஏழாம் பக்கத்தில் பவர் பத்திரம் இருந்தது. அந்த அம்மாவுக்குப் பதிலாகப் பில்டரே எல்லா அலுவலகத்திலும் கையெழுத்துப் போடலாம் என்று அதில் எழுதியிருந்தது. பவர் பத்திரத்தை வைத்து மட்டும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது நல்ல தீர்ப்பு. ஆனாலும் பணம் வாங்கிக்கொண்டு பவர் எழுதிக் கொடுத்தவர் அதை ரத்து செய்யப் போனால் நீதிமன்றப் படியில் வருடக்கணக்கில் ஏறி இறங்க வேண்டி வரும்.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் கோரேகாவ் சித்தார்த் நகரை விசாரிக்கலாம். பத்ரா சால் என்றால் மும்பையில் பலருக்குத் தெரியும். அது மாடா என்ற அரசு வீட்டுவசதி நிறுவனத்தின் நிலம், 47 ஏக்கர். அங்கே 672 குடும்பங்கள் குடியிருந்தன. 2008இல் பில்டரோடு ஒப்பந்தம் ஆனது. குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. பில்டர் வீட்டைக் கட்டி முடித்துத் தரவில்லை. கொடுத்துவந்த வாடகையும் நின்றது. 2018இல் மாடா ஒப்பந்தத்தை ரத்து செய்தது. காலி செய்தவர்களில் சிலர் புது வீட்டைப் பார்க்காமலேயே இறந்துபோனார்கள். அங்கே அரசு நிறுவனமும் கையெழுத்துப் போட்டிருந்தது. அப்படியும் இந்தக் கதி.

செம்பூர் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாடியில் கூடினார்கள். சத்தம் பலமாக இருந்தது. கீழ்வீட்டுக்காரர் முன்பணம் வாங்கிவிட்டார் என்று தெரிந்தது. மகள் கல்யாணம் என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் தம்பி மகன் ஒரு விஷயத்தை விளக்கினார். கூட்டுறவு வீட்டுச் சங்கங்களுக்கு மகாராஷ்டிர அரசு 2009இல் வழிமுறை வகுத்தது. 2019இல் அதைத் திருத்தியது. அதன்படி கட்டடத்தை இடித்துக் கட்டுவதா என்று சங்கத்தின் பொதுக்கூட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். பில்டரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குக் கூட்டுறவுப் பதிவாளரின் ஆள் வர வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். திட்டச் செலவில் 20 சதவீதத்துக்குப் பில்டர் வங்கி உத்தரவாதம் தர வேண்டும். வாசற்படியில் வாங்கிய கையெழுத்து பொதுக்கூட்டத் தீர்மானம் ஆகாது.

"அப்ப நிலம் யார் பேர்ல இருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

சங்கச் செயலாளர் தலையைச் சொறிந்தார். நிலம் இன்னும் பழைய பில்டர் பேரிலேயே இருந்தது. வீட்டை விற்றவர் நிலத்தைச் சங்கத்துக்கு எழுதித் தரவேயில்லை. மும்பையில் இந்தக் குறை பல சங்கங்களுக்கு உண்டு. அங்கே இதைக் கன்வேயன்ஸ் என்பார்கள். நிலம் சங்கத்தின் பேரில் இல்லாவிட்டால், கூடுதல் எஃப்.எஸ்.ஐ. எனக்கே என்று பழைய பில்டரோ அவர் வாரிசோ வந்து நிற்பார்கள். பழைய பில்டர் எழுதித் தர மறுத்தாலும் வழி உண்டு. சங்கமே மாவட்டத் துணைப் பதிவாளரிடம் மனுக் கொடுத்து நிலத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். 2008இல் சட்டத்தைத் திருத்தி இந்த வழியைக் கொண்டுவந்தார்கள். உண்மையில் பில்டர்கள் வருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அன்று இரவு பத்து மணிவரை பேசினார்கள். கன்வேயன்ஸ் கிடைக்கும்வரை யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். கீழ்வீட்டுக்காரரின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆளுக்குக் கொஞ்சம் கடன் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கச் சொன்னார்கள். மாநகராட்சி அறிவிப்பு வருகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கும் வேலை, கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களுக்குப் போனது.

தரகர் அடுத்த வாரம் வந்தார். அந்த அம்மா எட்டுப் பக்கத்தையும் எடுத்து வைத்தார். ஐந்தாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. "இந்த வரிய மட்டும் சத்தமா படிச்சுச் சொல்லுப்பா" என்றார். தரகர் பில்டரிடம் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சங்கத்தின் மனு அதற்கு முந்தின நாளே துணைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டது. நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள்.