நாம் படித்த சில நாவல்கள்

(ரிஷிவந்தியத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம்மில் யாரும் இலக்கிய விமர்சகர் அல்ல. பகலெல்லாம் கரும்புக் காட்டிலும் வேறு வேலைகளிலும் பாடுபட்டுவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு புஸ்தகத்தைக் கையில் எடுக்கிறவர்கள். ஒரே பிரதியை ஏழெட்டுப் பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். ஒரு புஸ்தகத்தின் மூலையில் மஞ்சள் கறைகூட இருக்கிறது. அது எந்த வீட்டு அடுப்படியில் பட்டது என்று இங்கே விசாரிக்கப் போவதில்லை. படித்ததில் நமக்குப் பட்டதைச் சொல்கிறோம். பிசகாக இருந்தால் சபையில் இருப்பவர்கள் திருத்தலாம்.

முதலில் கு. சின்னப்ப பாரதியின் ‘சங்கம்’. 1985-ல் வெளிவந்தது. கொல்லிமலை ஜனங்களின் கதை. கடன் கொடுக்கிறவன், சரக்கு வாங்குகிறவன், வனத்துறைச் சிப்பந்தி என்று கீழேயிருந்து ஒவ்வொருவனாக மலையேறி வந்து அவர்களைச் சுரண்டுவதும், அதை எதிர்த்து அவர்கள் ஒன்றுசேர்வதும்தான் விஷயம். கொல்லிமலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினர்தான் நமக்கு மேற்கே கல்வராயன் மலையிலும் இருக்கிறார்கள். ஆகவே இந்த நாவலைப் படிக்கும்போது யாரோ ஒருவர் ஊர்க் கதை என்ற எண்ணமே நமக்கு வரவில்லை.

கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் கிடந்ததை நம்மில் வயதானவர்கள் அறிவார்கள். நாடு 1947-ல் விடுதலை பெற்றது. அந்த மலையை ஜாகீர்தார்களிடமிருந்து சர்க்கார் எடுத்துக்கொண்டது 1976-ல்! இருபத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது, சுதந்திரம் மலையேற. இந்தக் கணக்கு மனதில் இருந்தால்தான் ‘சங்கம்’ நாவலில் வரும் மனிதர்களின் பயம் நமக்குப் புரியும். அது கோழைத்தனம் அல்ல. தலைமுறை தலைமுறையாக அடித்துப் பழக்கிய பயம்.

குறையும் சொல்ல வேண்டும். போராடுகிறவர்களை ஆசிரியர் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்களாக்கிவிட்டார் என்று நமக்குத் தோன்றியது. சங்கம் வைத்தவர்களுக்குத் தெரியும்: சந்தா வசூலிலேயே சண்டை வரும்; கூட வருகிறேன் என்று சொன்னவன் காலையில் ஆளைக் காணமாட்டான். அந்தச் சில்லறைச் சங்கடங்களுக்கு இன்னும் இடம் கொடுத்திருந்தால் நாவல் இளைத்திருக்காது, பலப்பட்டிருக்கும். அவருடைய ‘சர்க்கரை’ நாவலை மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பதோடு விட்டுவிடுகிறோம்.

அடுத்து ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’. 2004-ல் வந்தது. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முற்பாதியில் சத்தியமங்கலம் காட்டோரத்துச் சோளகர்களின் வாழ்க்கை. தொட்டியின் தலைவரைக் கொத்தல்லி என்பார்கள். அவர்களுடைய விதைப்பு, தேனெடுப்பு, தெய்வம், ஆட்டம் எல்லாம் வருகின்றன. கீழ்நாட்டான் தந்திரம் செய்து நிலத்தைப் பிடுங்குவதும் வருகிறது. பிற்பாதியில் வீரப்பனைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு மாநிலப் போலீசும் அந்தக் காட்டுக்குள் நுழைகிறது. சிவண்ணாவின் மனைவி மாதிக்கு முகாமில் நடப்பதைப் படித்தபோது நம்மில் இரண்டு பேர் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டார்கள். மறுபடி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. இப்படியெல்லாமா நடந்திருக்கும், ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று ஒரு நண்பர் சொன்னார். தருமபுரி ஜில்லா வாச்சாத்தி வெகுதூரத்தில் இல்லை. 1992 ஜூனில் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று அந்த ஊருக்குள் நுழைந்தவர்கள் செய்த கொடுமைகளை 2011-ல் தருமபுரி கோர்ட்டு உண்மையென்று தீர்ப்புச் சொன்னது. 2023-ல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. கதையில் மிகை இருந்தால் அதைவிட மிகை தீர்ப்புக் காகிதத்தில் இருக்கிறது.

இந்த நாவல் நம்மை வேறொரு விஷயத்திலும் சுட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த நாட்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாமும் என்ன பேசினோம்? ‘மலைக்காரன் எல்லாம் சாராயம் காய்ச்சுகிறவன்தானே’ என்று பேசவில்லையா? சோளகர் அத்தனை பேரும் வீரப்பன் ஆட்கள் என்று போலீஸ் சொன்னதற்கும் நாம் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? மெத்தனால் மலையில் விளைகிற பொருளா? அது தொழிற்சாலைச் சரக்கு. இந்தக் கேள்வியை அன்றைக்கு நாம் கேட்கவில்லை. ‘சோளகர் தொட்டி’ படித்த பிறகுதான் கேட்டோம். வெட்கமாக இருந்தது.

இமையத்தின் நாவல்களில் இரண்டைப் படித்தோம். இவர் நம் வட்டாரத்துப் பேச்சையே எழுதுகிறவர். விருத்தாசலம் பக்கத்துச் சொல் நம் சொல்தான். ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் வந்தது. சேரி ஜனங்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. களத்தில் கிடைக்கும் தானியத்தை நம்பி வாழ்ந்தவள், காலம் மாறமாற அந்தத் தானியமும் போய்த் தவிக்கிறாள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒடுக்குமுறை இருப்பதை இப்படி எழுதலாமா, எதிரிக்கு அது ஆயுதமாகிவிடாதா என்று அப்போது பெரிய தர்க்கம் நடந்தது. நமது அபிப்பிராயம், எழுதத்தான் வேண்டும். புண்ணை மூடி வைத்தால் ஆறுமா? ஆனால் ஒன்று: ஆரோக்கியம் பழைய நாட்களுக்காக ஏங்குகிறாளே, அந்த ஏக்கத்தை நாம் கூடவே சேர்ந்து ஏங்கக் கூடாது. அவள் ஏங்குவது சோற்றுக்காக, அடிமைத்தனத்துக்காக அல்ல.

‘செல்லாத பணம்’ 2020-ம் வருஷத்துச் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. இன்ஜினீயரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். நம் பக்கத்தில் ஆபத்தான கேஸ் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்குத்தானே ஓடுகிறோம்! அந்த வார்டு வாசலில் தூங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொன்னார்கள்: அந்த வாசலை அப்படியே எழுதியிருக்கிறார், வாங்கி வைத்த சாப்பாடு ஆறிப்போகிறது வரைக்கும். ரவியை நீளமாகப் பேச விட்டதில் நம் தாய்மார்களுக்கு உடன்பாடு இல்லை. ‘செத்தவள் பேச முடியாது, இவன் மட்டும் பேசுகிறானே’ என்றார் ஒரு அம்மா. ஆண்களில் சிலர், அவனும் ஏழைதான், ஏச்சுக் கேட்டே வளர்ந்தவன்தான் என்று வாதாடினார்கள். ராத்திரி பத்து மணி வரைக்கும் தீரவில்லை. இன்றும் தீராது என்றுதான் நினைக்கிறோம்.

கண்மணி குணசேகரனின் ‘நெடுஞ்சாலை’ போக்குவரத்துக் கழகத்தில் வேலை நிரந்தரமாகாத தொழிலாளிகளைப் பற்றியது. தானே பணிமனையில் வேலை பார்த்தவர் எழுதியது. ஒவ்வொரு பக்கத்திலும் கிரீஸ் வாசனை அடிக்கிறது. கடைசிப் பக்கங்கள் நமது பிரதியில் கிழிந்திருந்தன. ஆகவே அபிப்பிராயத்தை ஒத்தி வைக்கிறோம்.

கல்வராயன் மலையின் ஜாகீர் காலத்தை எழுத யாராவது முன்வந்தால், சொல்வதற்கு ஆட்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். நோட்டுப் புஸ்தகத்தோடு போய் உட்கார்ந்து எழுதிக்கொள்ள நம் வாலிபர்களில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் கிளம்புவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு டி. செல்வராஜின் ‘தோல்’. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகளின் கதை, பெரிய புஸ்தகம். இரண்டு பிரதிகள் கிடைத்திருக்கின்றன. முதலில் யாருக்கு என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்வோம்.