சேர்த்துக் கொடுப்பதே சிறப்பு!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! மதுரை கே.கே. நகர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

புதுக் கம்ப்யூட்டரில் வேண்டிய சாஃப்ட்வேர்களைச் சேர்த்துக் கொடுப்பது சிறப்பா? வெறுமனே கொடுத்து, அவரவர் எடுத்துக்கொள்ள விடுவது சிறப்பா? சேர்த்துக் கொடுப்பதே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் அழகாச் சொன்னார். "உபுண்டுன்னு ஒரு லினக்ஸ். அப்ப அது 700 எம்.பி. சி.டி.க்குள்ள அடங்க வேண்டியிருந்துச்சு. அதனால 2010-ல படம் திருத்துற ஜிம்ப்பையே எடுத்துட்டாங்க. வேணும்கிறவன் இறக்கிக்கிட்டான்ல?" ஐயா, இறக்கிக்கிட்டான். எதுல இருந்து? இன்டர்நெட்ல இருந்து! அது இல்லாத வீட்டுல எங்கேருந்து இறக்குவான்? பரண்லேருந்தா? (சிரிப்பு)

நம்ம ஊருக்கு வருவோம். 2011-ல தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சது. விண்டோஸோட, நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கின பாஸ் லினக்ஸையும் அதுல போட்டுக் கொடுத்தாங்க. எங்க தெருவுல ஆட்டோ ஓட்டுறவர் மகளுக்கும் ஒண்ணு கிடைச்சது. பிளஸ் டூ படிக்குது. வீட்டுல நெட் கிடையாது. ஆனா கடிதம் எழுதுற சாஃப்ட்வேரும் தமிழ் எழுத்தும் உள்ளேயே இருந்துச்சு.

ஒருநாள் அப்பத்தா கேட்டிருக்கு: "ஏத்தா, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதணும். எழுதிக் கொடுக்கிறவருக்குக் காசு கொடுக்கணுமாம். நீ எழுதுவியா?" பிள்ளை ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடித் தட்டுச்சு. ஜெராக்ஸ் கடையில அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்துச்சு. படிக்கத் தெரியாத அப்பத்தா, "இதுல என் பேரு எங்கத்தா இருக்கு?"ன்னு கேட்டு, அந்த இடத்தை விரலால தடவிப் பார்த்துச்சு. நான் பக்கத்துல நின்னேன். எனக்குக் கண் கலங்கிருச்சு.

தமிழ் எழுத்தை "வேணும்னா அப்புறம் இறக்கிக்கட்டும்"னு விட்டிருந்தா, அந்த மனு எழுதப்பட்டிருக்குமா?

அதுக்காகக் கண்டதையும் திணிக்கச் சொல்லலை. மகளைத் தனிக்குடித்தனம் அனுப்புற தாய் அம்மியை அஞ்சா வைப்பாளா? ஒண்ணுதான் வைப்பா. ஆனா கரண்டியை மறக்கமாட்டா. போன இடத்துல கரண்டி கேட்க மகளுக்கு வாய் வராதுன்னு அவளுக்குத் தெரியும். (கைதட்டல்)

பெட்டியில எதை வைக்கிறதுன்னு தீர்மானிக்கிறவங்க, கடைக்குப் போய் வாங்கத் தெரிஞ்சவனை நினைச்சு வைக்கக் கூடாது. அந்தப் பிள்ளையை நினைச்சு வைக்கணும். ஆகவே நடுவர் அவர்களே, சேர்த்துக் கொடுப்பதே சிறப்பு என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)